பாதியின் பாதி

4 நவம்பர்

அக்கா,

அதெல்லாம் இல்லை. காதலும் இல்லை, கஞ்சாவும் இல்லை, யாரும் என்னை மிரட்டவும் இல்லை. ஏன் படிப்பை விட்டாய் என்று மூன்று பக்கம் கேட்டிருக்கிறாய். பதில் ஒரே வார்த்தை: தூங்கிவிட்டேன்.

பரீட்சை அன்று காலை பஸ் ஏறினேன். மருத்துவக் கல்லூரி நிறுத்தம் வந்தபோது கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தேன். மூன்று வருடமாக அதற்குள் போய் வந்தும் அங்கே யாரோடும் நாலு வார்த்தை பேசியதில்லை என்று தோன்றியது. மறுபடி மூடிக்கொண்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டினார். இறங்கினால் ஒரே பனி. எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாத பனி. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றது. தெரியும் என்றேன். குரலுக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. குரல் எங்கள் நர்ஸ் சிஸ்டருடையது. பழைய டிரைவர் அன்றுதான் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தாராம். ஏழு மாதமாக நான் ஓட்டுகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையம். ஐந்து அறை, ஒரு நடை. காலை பத்து மணிவரை பனி நடைக்குள் வந்து நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கும். இருமல் எந்தப் பெஞ்சிலிருந்து வருகிறது என்று காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் நாலு பேர்: டாக்டர் அம்மா, சிஸ்டர், மருந்துக்காரர், நான்.

புதன்கிழமை மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடுவோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தன் வேலையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மருந்துக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, அது மேகம் மாதிரி கலைவதைப் பார்க்கச் சொன்னார். கால் மணி நேரம் பார்த்தோம். சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இது: நோயாளி டாக்டரிடம் சொல்வது பாதிதான், மீதி வாசல்படியில் செருப்பு மாட்டும்போது வரும், அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். நான் டாக்டர் அம்மாவுக்கு டயர் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு எந்த வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்றும். டாக்டர் அம்மா குறிப்பு எடுத்துக்கொண்டார். என் பேச்சுக்கு ஒருவர் குறிப்பு எடுத்ததை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன் என்றாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் உருப்படாதவன்

12 நவம்பர்

தம்பி,

உருப்படாதவன் என்று நீயே கையெழுத்துப் போட்டால் நான் சிரித்துவிடுவேன் என்று நினைத்தாயா? சிரித்தேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று எண்ணாதே.

கல்லூரிக் கடிதம் என் கைக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் உனக்குப் பரீட்சை என்று சொல்கிறேன். இதுவரை பதினாறு பரீட்சை எழுதிவிட்டாய். "புள்ள துரும்பா இளைச்சிருப்பான்" என்று அம்மா வருத்தப்படுகிறாள். நான் பொய் சொல்லியே இளைத்துப்போனேன். அதை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் புதன்கிழமை எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் டயர் மாற்றுவதும் டிரைவர் பாடம் எடுப்பதும் கேட்க நன்றாக இருக்கிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். நான் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு கை உள்ளே வரும், சீட்டைக் கொடுக்கும், மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடும். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து எழுதும் டாக்டரின் கையெழுத்து எனக்கு மனப்பாடம். முகம் தெரியாது. எதிரில் நடந்து வந்தால் வழிவிட்டு ஒதுங்கியிருப்பேனோ என்னவோ. அவரவர் வேலை அவரவருக்கு. தப்பு நடந்தால் யாருடையது என்றாவது தெரியும்.

பெரிய விவாதம் வேண்டாம். சாப்பிடுகிறாயா? குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

அக்கா

21 நவம்பர்

அக்கா,

போர்வை இருக்கிறது. சிஸ்டர் கொடுத்தது. ஆஸ்பத்திரி முத்திரை குத்தியது, அதைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை விசாரிக்கத் தோன்றுகிறது.

இரண்டு புதன் போய்விட்டன, கூட்டம் நடக்கவில்லை. மேலே உள்ள குடியிருப்புகளில் காய்ச்சல். நாலு பேரும் நாலு திசையில் ஓடுகிறோம். நடையில் எதிரெதிரே வந்தால் தலையாட்டிக்கொண்டு போகிறோம், தண்ணீருக்குள் மீன் போகிற மாதிரி. அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் வாரத்துக்கு அடியே இல்லாத மாதிரி இருக்கிறது. எது செவ்வாய், எது வெள்ளி என்றே தெரியவில்லை.

உனக்குப் பிடித்த மாதிரி ஒரு விஷயம் சொல்கிறேன். இங்கே ஒரு தையல்காரம்மா. மேட்டில் தனியாக ஒரே அறை. கூரையிலிருந்து சட்டைக் கைகளாகத் தொங்கும். காற்று வந்தால் எல்லாக் கைகளும் வா வா என்று கூப்பிடும். அவருக்குப் பல வருடமாக வலிப்பு. மாத்திரையால் வலிப்பு நின்றது, ஆனால் பகலெல்லாம் தூக்கம். கழுத்துப்பட்டி வைக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்துவிட்டாராம். "கனவுக்குள்ளயே உக்காந்து தைக்கிற மாதிரி இருக்கு டாக்டர்" என்று வந்து நின்றார். டாக்டர் அம்மா பாதி மாத்திரை போதும் என்று எழுதினார். அந்த அம்மா தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார் என்று மருந்துக்காரர் மாத்திரைகளை அவரே பாதியாக வெட்டிப் பொட்டலம் கட்டினார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் சிஸ்டர் அந்தப் பக்கம் போனபோது இன்னும் தூக்கம் தெளியவில்லை என்று கேட்டு, கொஞ்ச நாளைக்குப் பாதியாக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஆள் எவ்வளவு அக்கறை பார்.

நேற்று ஒரு கட்டு துணி இறக்கப் போனேன். சாப்பிட்டு முடித்து மாத்திரை எடுத்தார். கத்தரிக்கோல் நுனியால் ஏதோ நறுக்கினார். விரலில் ஒட்டியது ஒரு நொய்யரிசி அளவு. அதை நாக்கில் தொட்டுக்கொண்டார். "இப்பல்லாம் நல்லா முழிப்பா இருக்கேன்" என்றார். கண் அவ்வளவு பளபளப்பு. வலிப்பு மாத்திரை இத்தனை சின்னதாகவா இருக்கும்? நீ மருந்துக்காரி, உனக்குத் தெரியும்.

உருப்படாதவன்

26 நவம்பர்

தம்பி,

இதைப் படித்துக்கொண்டு நிற்காதே. நேராக அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குப் போ.

டாக்டர் எழுதியது அரை. மருந்துக்காரர் வெட்டிக் கொடுத்ததும் அதே அரை. சீட்டில் "பாதி" என்று இருந்ததால் அந்த அம்மா வெட்டிய துண்டில் பாதி எடுத்திருக்கிறார், அது கால். சிஸ்டர் அதைப் பாதியாக்கச் சொன்னபோது அவர் மனதில் இருந்தது அரை. அந்த அம்மா கையில் இருந்தது கால். இப்போது அவர் சாப்பிடுவது அரைக்கால். முழு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த உடம்பு. வலிப்பு மருந்தை இப்படித் திடுதிப்பென்று இறக்கவே கூடாது. அந்த முழிப்பு நல்ல முழிப்பு இல்லை.

நீ மூன்று வருடம் படித்தவன். நொய்யரிசி என்று அழகாக எழுதத் தெரிந்தது, எட்டில் ஒன்று என்று கணக்குப் போடத் தெரியவில்லையா?

உங்கள் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். மூன்று முறை அடித்தேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது. மறுபடி அடிக்கப் போகிறேன்.

பிறகு: சிஸ்டர் எடுத்தார். நான் யார் என்று சொல்லி, அரைக்கால் என்று சொன்னேன். "நேத்து காலையில விழுந்துட்டாங்கம்மா" என்றார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஜன்னலில் ஒரு கை சீட்டை நீட்டிக்கொண்டு இருந்தது.

எழுது.

அக்கா

30 நவம்பர்

அக்கா,

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்திருக்கிறது. பெட்டி மேலேயே விழுந்துவிட்டார். வலது முன்கை வெந்துவிட்டது. துணி வாங்க வந்த ஒரு பெண் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

அன்று பனி ஜீப் மூக்கே தெரியாத அளவு. விளக்குப் போட்டால் இன்னும் வெள்ளையாகிறது. மருந்துக்காரர் தன் வெள்ளைக் கோட்டோடு இறங்கி முன்னால் ஓடினார். ஐம்பது வயசு, மூட்டு வலி. பனிக்குள் இன்னொரு பனி ஓடுகிற மாதிரி இருந்தது. அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மேட்டு வீட்டில் சிஸ்டர் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார், டாக்டர் அம்மா ஊசி போட்டார், மருந்துக்காரர் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் தண்ணீர் ஊற்றிக் கையைக் குளிரவைத்தேன். யாரும் யாரையும் ஏவவில்லை. எட்டுக் கை, ஒரே ஆள். கூரையில் சட்டைக் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. அக்கா, அவ்வளவு நன்றாக நாங்கள் என்றைக்கும் வேலை செய்ததில்லை. எங்களால் விழுந்தவரை எங்களைவிட நன்றாக யாரும் தூக்கியிருக்க முடியாது. இதை நினைத்தால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

பதினோராம் தேதி மேல் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார். யாராவது ஒருவரை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டுமாம். புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே கடிதம் வந்துவிட்டது. டாக்டர் அம்மா தன் பங்கை எழுதிவிட்டார், சிஸ்டரும். மருந்துக்காரர், வெட்டியிருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதாதது தன் தப்பு என்று எழுதினார். அவர் பெயர்தான் போகும் போல இருக்கிறது.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். அவர் எழுதவில்லை, ஆனால் சொன்னார். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "ஏற்கெனவே வெட்டியாச்சு, அப்படியே முழுங்கச் சொல்லு" என்றார். சாதாரணமாக அவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். நான் படித்தவன், சொல்லிவிடுவேன் என்று அன்று எழுதவில்லை.

போனேன். பொட்டலத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர் தம்பி, பாதிதானே சாப்பிடணும்?" என்று கேட்டார்.

டாக்டர் தம்பி. ஏழு மாதத்தில் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நானும் ஒரு டாக்டர் மாதிரியே சீட்டை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, "பாதிதான்" என்றேன். டிரைவராகச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் எனக்கு மறந்துபோனது. நினைவு வந்தபோது வண்டி கீழே வந்துவிட்டது. அந்த அம்மாவே பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறந்தது கூடப் பரவாயில்லை அக்கா. நினைவு வந்தும் திரும்பிப் போகவில்லை. உனக்கு நொய்யரிசி என்று எழுதினேனே, அன்றைக்கு உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் உன்னிடம் கேட்டேனோ என்னவோ.

மருந்துக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, குளிர் அதிகம், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு ஓட்டு என்றார். நான் சொன்னால் முதலில் போவது நான்தான். டிரைவர் மருந்தைப் பற்றிப் பேசினான் என்றால் விசாரணையே வேண்டாம். இங்கிருந்து போனால் எனக்கு வேறு பஸ் தெரியாது.

என்ன செய்ய?

5 டிசம்பர்

தம்பி,

முதல் வரியில் அடித்திருப்பது உன் கண்ணில் படும், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. பார்ப்பாய் என்று தெரியும், அதனால் நானே சொல்கிறேன். "எதுவும் சொல்லாதே" என்று எழுதி அடித்தேன். நீ என் தம்பி. அந்த மருந்துக்காரரை எனக்கு யாரென்று தெரியாது. அதனால் அப்படித்தான் கை போயிற்று.

ஆனால் தெரியும். பொட்டலம் மடிக்கும் வேலைக்காரர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். சொல்லி அனுப்பினோம், சொல்லியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எங்களுக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. அவருடைய தப்பு உன்னை நம்பியது. அதற்கு அவர் வேலை போக வேண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வேறு ஒன்று. திங்கட்கிழமை ஒரு சீட்டு வந்தது. ஒரு முதியவருக்கு ஒரே வேலை செய்கிற இரண்டு மருந்து, இரண்டு டாக்டர்கள் எழுதியது. வழக்கமாக என்றால் இரண்டையும் கொடுத்துவிட்டு அடுத்த கையைப் பார்ப்பேன். அன்று ஜன்னலைச் சாத்தினேன். வரிசையில் திட்டினார்கள். மூன்று மாடி ஏறினேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் கேட்டேன். அவ்வளவு பயங்கரமாகக் கிறுக்குகிறவர் ஒரு சின்னப் பெண், தம்பி. உன் வயதுதான் இருக்கும். எரிந்து விழுவாள் என்று நினைத்தேன். சீட்டைப் பார்த்தாள், ஒன்றை அடித்தாள். பிறகு, "நீங்க ஏன் இத்தனை நாளா மேல வரல?" என்று கேட்டாள். நீங்கள் ஏன் கீழே வரவில்லை என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது படிகளே இல்லாத மாதிரி இருந்தது.

இது உன் கேள்விக்குப் பதில் இல்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாப்பிடுகிறானா என்று கேட்டாள். பிறகு, "மெதுவா ஓட்டச் சொல்லு" என்றாள்.

அக்கா

11 டிசம்பர்

அக்கா,

நடையில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்பதரை. பனி முழங்கால்வரை இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்குக் கால் இல்லை, மிதந்து போகிறார்கள். டாக்டர் அம்மா உள்ளே போய்விட்டு வந்துவிட்டார், சிஸ்டரும். இப்போது மருந்துக்காரர் உள்ளே. பட்டியலில் என் பெயரே இல்லை. டிரைவரை யாரும் கூப்பிடவில்லை. காலையிலேயே சிஸ்டரிடம் போய் என்னையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்றார். சொன்னேன். போர்வையைத் திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். பேனாவைத் தேடி எடுத்து, கடைசியில் என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

தையல்காரம்மாவும் வந்திருக்கிறார். அவரையும் விசாரிக்க வேண்டுமாம். கையில் முழங்கைவரை கட்டு. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுறே என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். அப்புறம், உள்ளே போய் யாரோ ஒரு அதிகாரியிடம் முதலில் சொல்வது சரியில்லை என்று பட்டது. எரிந்தது இந்தக் கை. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். வெட்டியாச்சு என்று சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டதில் மயங்கிவிட்டேன். வண்டி கீழே வந்த பிறகு நினைவு வந்தது, திரும்பி வரவில்லை. மூன்று வாக்கியம். மூன்று வருடப் படிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

கட்டுப் போட்ட கையை மடியில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எதிர்ப்பெஞ்சில் ஒரு குழந்தை பனியைப் பிடித்துப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்னு கூப்பிட்டா டாக்டராயிடுவியா நீ?" என்றார் கடைசியில். "நான் தெருவுல போற எல்லாரையும்தான் அப்படிக் கூப்பிடுறேன். பஸ் கண்டக்டரையும்."

தப்புத்தான் என்றேன்.

"மன்னிக்கிறதெல்லாம் இப்ப முடியாது. இந்தக் கை ஊசி பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

சரி என்றேன்.

"உள்ள போய் இதே மாதிரி சொல்லு. கூட்டாம குறைக்காம. அந்த மனுஷன் பாவம்." கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பாமலே, "சொல்லிட்டு வந்து என்னை வீட்டுல கொண்டுபோய் விடு. சாவியைப் பிடுங்கிக்கிறதுன்னா நாளைக்குப் பிடுங்கிக்கச் சொல்லு. அந்த மேட்டை இந்தக் கையோட நான் எப்படி ஏறுவேன்?" என்றார்.

மருந்துக்காரர் வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நீ எதற்கு இங்கே என்று வாயசைக்கிறார், உதட்டின் மேல் விரலை வைக்கிறார். அவருக்குப் பின்னாலிருந்து டிரைவர் யார் என்று ஒரு குரல் கேட்கிறது. கூப்பிடுகிறார்கள் அக்கா, நான் போகணும்.